யார் மூச்சுன்னு சட்டத்துல இல்ல

ஜூன் 3

குழல் செத்துப்போச்சா? யாருடா சொன்னது? நீயா, லைல்? உன் காதே செத்துப் பத்து வருஷம் ஆச்சு. நீ என் துப்பாக்கிக்கு நாடி பிடிக்கிறியா?

இதை நேற்றே காப்பிக் கடையில் சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறைய கேக். விழுங்கி முடிப்பதற்குள் மச்சான் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதனால் இங்கே எழுதுகிறேன். கேட்டுக்கோ.

அந்தத் துப்பாக்கியை உன் அப்பா இங்வால்ட் எனக்குத்தான் கொடுத்தார். நீ டிராக்டரைக் கேட்டே. டிராக்டர் இப்போ வேலியோரம் கோழிக்கு வீடா இருக்கு. என் துப்பாக்கி இன்னும் சுடுது. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, சுட்டதும் திறந்து அடுத்ததைப் போடணும். அது சோம்பேறிக்கு ஆகாது. அதான் மாமனார் ஆளைப் பார்த்துக் கொடுத்தார்.

நேற்று அவன் துப்பாக்கிச் சங்கத் தலைவர் தோரணையில் எல்லார் முன்னாலும் சொன்னது இது. ஆகஸ்ட் கடைசியில் தேர்வு. தூர மேட்டில் இலக்காக நிற்கும் இரும்பு ஆட்டுக்கிடாக்கள் பத்தில் பாதியையாவது நான் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் செப்டம்பர் போட்டியில் என் இடம் பல் டாக்டர் மகள் ஹெய்டிக்குப் போகும். எனக்கு ஒரு மடக்கு நாற்காலியும் தொலைநோக்கியும். என் துப்பாக்கியோ சங்க மண்டபச் சுவருக்கு, காட்டெருமைத் தலைக்குக் கீழே.

"ஆர்லி மச்சான், மரியாதையா ஓய்வு எடுத்துக்கோ" என்றான். காலமெல்லாம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன். அந்தப் பழக்கம் விடல. எவன் எங்க இறங்கணும்னு இவன்தான் சொல்லணுமாம்.

நான் இறங்க மாட்டேன்.

ஜூன் 6

இன்று ஈயம் காய்ச்சினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டயர்க் கடைக்காரன் ஒரு வாளி பழைய சக்கர எடைகள் தந்தான். சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் மாட்டுவார்களே, அந்தத் துண்டுகள். முன்பெல்லாம் அது சுத்த ஈயம். அப்படியே சட்டியில் கொட்டினேன், தீயைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் சட்டி முழுக்க ஓட்ஸ் கஞ்சி. கரண்டி நின்றது! இந்தக் காலத்தில் துத்தநாகத்தில் செய்கிறார்களாம். அதில் ஒரு பிடி கலந்தாலே ஈயம் முறுக்கிக்கொள்ளும், அச்சின் மூலைக்கே போகாது. வார்த்த குண்டுகள் எல்லாம் லைல் முகம் மாதிரி சுருக்கம்.

வெர்னா கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். என் பெண்டாட்டி, அவனுக்கு அக்கா. இரண்டு பக்கமும் சேராமல் இரண்டு பக்கத்தையும் திட்டுவாள்.

"ஒவ்வொண்ணையும் கத்தியால கீறிப் பார்த்துட்டுப் போடக்கூடாதா?"

"பார்த்தேனே."

"எப்போ?"

"கஞ்சியான பிறகு."

சட்டியோடு தூக்கிப் போட்டேன். இது லைலுக்குத் தெரியக்கூடாது.

ஜூன் 7

தெரிந்துவிட்டது. அவளேதான் ஃபோனில் சொல்லியிருக்கிறாள். காலையில் வாசலில் ஓட்ஸ் டப்பா ஒன்று இருந்தது.

ஜூன் 14

புதுச் சட்டி. பழைய தேவாலயத்தின் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கியபோது வாங்கிவைத்த ஈயம். இருபது பங்குக்கு ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் கூடினால் குண்டு விறைப்பு, குறைந்தால் அச்சுக்குள் மடிப்பு. இது சரி. அச்சைத் திறந்ததும் வெள்ளிக் காசு மாதிரி விழுந்தது.

ஒவ்வொன்றையும் வெர்னாவின் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்தேன். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் நொண்டும். நொண்டி எல்லாம் திரும்ப சட்டிக்கு.

"அந்தத் தட்டுல நாளைக்கு பாஸ்டருக்குக் கேக் வைக்கணும்" என்றாள்.

"கழுவித்தானே வைப்பே?"

"கழுவறது யாரு?"

கழுவினேன். ஈயம் பட்டதை வாயில் வைக்கக்கூடாது. தேய்த்து மூன்று தடவை கழுவினேன். அப்படியும் வேறு தட்டில்தான் வைத்தாள்.

ஜூன் 21

இன்று ஒரு துரோகம் கண்டுபிடித்தேன்.

பஞ்சு மாதிரி மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் தள்ளி எடுத்தேன். குழலின் உள் அளவு அதில் பதிந்து வரும். அளந்தால் என் குண்டை விட ஒரு மயிரிழை அகலம். நான் இத்தனை வருஷமாக அச்சின் மேல் பொறித்திருக்கும் எண்ணை நம்பிக் குண்டு வார்த்துக்கொண்டிருக்கிறேன். குழலை ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரிய கால்சட்டைக்குள் சின்ன ஆள். தொளதொள. அப்புறம் எப்படி நேராக நடப்பான்?

அச்சின் இரண்டு பாதிக்கும் நடுவில் மெல்லிய உலோக ஒட்டுத்தாள் ஒரு துண்டு ஒட்டினேன். அந்த இடைவெளி போதும், குண்டு கொழுத்துவிட்டது. மாமனாருக்குத் தெரிந்திருக்கும். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குடும்பமே அப்படித்தான்.

ஜூன் 28

முதல் மூன்று குண்டும் ஒரு காப்பிக் கோப்பைக்குள் அடங்கின! நூறு கஜத்தில்!

நாலாவது கோப்பையை விட்டு வெளியே. அஞ்சாவது மேஜையை விட்டே வெளியே. ஆறாவது எங்கே போச்சுன்னு தெரியல. எல்லை தாண்டிக் கனடாவாக இருக்கலாம்.

ஜூலை 9

கொழுப்புதான் கோளாறு என்று முடிவு செய்தேன். குண்டின் இடுப்பு வரிகளில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து பூசுவோம். கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் கசடு படியும். அந்தப் பூச்சுதான் கசடை இறுகாமல் வைக்கிறது. ஆட்டுக்கொழுப்பை விட்டுவிட்டுக் கரடிக்கொழுப்புக்கு மாறினேன். வடக்கே ஒரு வேட்டைக்காரன் தந்தான். வெர்னாவின் வாணலியில் உருக்கினேன்.

"இந்த வாணலியில இனி நான் முட்டை பொரிச்சா எழுந்து நடந்து போகும்" என்றாள்.

பலன்? மூன்று நல்லது, மீதி கனடா.

ஜூலை 17

மருந்தைக் கூட்டினேன். மோசம்.

ஜூலை 19

மருந்தைக் குறைத்தேன். மோசம், ஆனால் சத்தம் கம்மி.

ஜூலை 26

ஒவ்வொரு தோட்டாக் கூட்டிலும் மருந்தை நீளக் குழாய் வழியே மெதுவாக விட்டேன். மணி மணியாக விழுந்து தானே அடங்க வேண்டும், தட்டி அடக்கக்கூடாது. அதன் மேல் அட்டை வில்லை. அப்புறம் குண்டு. எல்லாம் ஒரே மாதிரி, இரட்டைப் பிள்ளை மாதிரி. இனி இதில் குறை சொல்ல எவனும் பிறக்கவில்லை.

மூன்று நல்லது. மீதி —

எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4

மழை இல்லை. கோதுமை அறுத்துவிட்டார்கள். காற்று வறட்டுக் காற்று, நாக்கை நீட்டினால் மரப்பட்டை ஆகிவிடும். சுடும் மைதானத்தில் நான் தனியாக இருந்தேன். லைலின் பிக்கப் மெதுவாக வந்து நின்றது. இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"எப்படிப் போகுது மச்சான்?"

"அருமையா."

"இலக்கு அட்டையில ஓட்டையே காணோமே?"

"எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில போயிடுச்சு."

"அந்த ஓட்டை எங்க?"

"உன் மூக்குக்குக் கீழ பார்."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன். முப்பது வருஷம் நான் சுடும்போது பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியில் காற்றுப் பார்த்துச் சொன்னவன் அவன்தான். ஜூனிலிருந்து வருவதில்லை. போகட்டும். காற்று எனக்கே தெரியும்.

அவன் போகும்வரை இருமலை அடக்கிவைத்தேன். போன பிறகு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினேன். தானியக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் தின்ற தூசி எல்லாம் இப்போது கணக்குக் கேட்கிறது. ஊர் முழுக்கச் சாப்பிட்ட ரொட்டிக்கு நான் ஒருவன் தூசி தின்றேன். அதையெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 11

வெர்னா என்னை அவமானப்படுத்திவிட்டாள். கண்ணாடி வைத்து.

விடிகாலை, நல்ல குளிர். பின்வாசலில் காலித் துப்பாக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் பின்பக்கம் ஊதுகுழாயைச் செருகி நீளமாக மூச்சு விடுவோம். மூச்சின் ஈரம் போய்க் கசடை இளக்க வேண்டும். அது எல்லாரும் செய்வது. கரிமருந்துக்காரன் துப்பாக்கிக்கு மூச்சுக் கொடுக்காமல் அடுத்த தோட்டா போட மாட்டான்.

அவள் காப்பியோடு வந்தாள். நின்று பார்த்தாள். உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து குழலின் அந்த முனையில் பிடித்தாள்.

"ஊது" என்றாள்.

ஊதினேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. அதில் அவள் மூக்குத்தான் தெரிந்தது.

"மறுபடி."

ஊதினேன். ஒன்றுமில்லை.

"இப்போ நீ பிடி." குழாயை வாங்கி அவள் ஊதினாள். ஒரே மூச்சு. கண்ணாடி பாலாடை போர்த்தியது மாதிரி வெளுத்துவிட்டது.

"ரெண்டு மாசமா ஈயத்தையும் கொழுப்பையும் என் வாணலியையும் குத்தம் சொன்னியே, கிழவா. உன் மூச்சு பாதிக் குழலைக்கூடத் தாண்டல. முன் பாதி காய்ஞ்சு கருவாடா கிடக்கு."

குண்டு சரி. மருந்து சரி. குழலும் சரி, சாகவில்லை. செத்துக்கொண்டிருப்பது — 

இல்லை. அதை எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 12

எழுத மாட்டேன் என்றால் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 15

ஈரத் துணியைக் குச்சியில் சுற்றிக் குழலைத் துடைத்துப் பார்த்தேன். அருமையாகச் சுடுகிறது! ஆனால் ஒவ்வொரு தடவையும் எழ வேண்டும், குச்சி விட வேண்டும், படுக்க வேண்டும். அதற்குள் தேர்வு மணி அடித்து, எல்லாரும் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்விடுவார்கள். இளவட்டங்களுக்கு முடியும். ஹெய்டிக்கு முடியும். நன்றாகத்தான் சுடுகிறாள் அந்தப் பெண், அது அவள் குற்றம்.

வெர்னாவைக் கேட்டேன், நீ வந்து ஊதேன் என்று.

"என் இடுப்போட நான் அந்தப் புழுதியில உக்காந்தா, எழுப்ப டிராக்டர் வரணும். என் தம்பிய கேளு."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன்."

ஆகஸ்ட் 20

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24

கேட்கவில்லை. அவன் கடைக்கு வந்தான். என் மேஜையைத் தாண்டிப் போனான். ஓட்ஸ் கஞ்சி உடம்புக்கு நல்லது என்று பரிமாறுகிற பெண்ணிடம் சத்தமாகச் சொன்னான். என் முட்டையை அவன் தலை மேலே போடலாமா என்று யோசித்தேன். விலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 30

தேர்வு நேற்று நடந்தது. இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

என் பக்கத்தில் தொலைநோக்கியோடு யார் என்று பார்த்தால் லைல். நான் கூப்பிடவில்லை. தலைவர் என்ற முறையில் நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்க வந்தானாம்.

"நீ ஏமாத்துவேன்னுதான் வந்தேன்."

"எப்படி ஏமாத்த? கிடாவுக்குப் புல்லு போட்டா?"

முதல் ஐந்து கிடா. முதலாவது சாய்ந்தது. இரண்டாவதும் சாய்ந்தது, சத்தம் அங்கிருந்து வந்து சேர நேரமாகும், விழுவதை முன்பே பார்த்துவிடலாம், அந்த இடைவெளிதான் உலகத்திலேயே இனிப்பான இடம். மூன்றாவதுக்கு மண் தெறித்தது. நாலாவதுக்கும் மண். அஞ்சாவதுக்கும் மண்தான்.

இடைவேளையில் குழலைத் துடைத்தேன். அடுத்த ஐந்தில் மூன்று வேண்டும். என் இரண்டோடு சேர்த்தால் பாதி.

ஆறாவது சாய்ந்தது. திறந்தேன், குழாயைச் செருகினேன், ஊதினேன். நெஞ்சுக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. இருமல். படுத்துக்கொண்டு இருமுவது நாய் குரைப்பது மாதிரி இருக்கும். நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர். நேரக்காரன் கடிகாரத்தைப் பார்க்கிறான். லைல் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறான். ஜூனிலிருந்து மறைத்தது எல்லாம் புழுதியில் விரிந்து கிடக்கிறது.

சுட்டிருக்கலாம். ஊதாமலே தோட்டாவைப் போட்டு, தோற்று, நாற்காலிக்குப் போயிருக்கலாம். மானத்தோடு. அதுவா மானம்? அவன் சொன்ன இடத்தில் இறங்குவதா?

குழாயை அவன் பக்கம் நீட்டினேன்.

"என்ன இது?"

"ஊது."

"எதுக்கு?"

"ஊருக்கே ஊதுவியே, எனக்கு ஒரு தடவை ஊதுடா!"

என்னைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். வாய் வைக்கும் இடத்தைச் சட்டையில் துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான், பாவி. அப்புறம் முழங்காலில் நகர்ந்து வந்து ஊதினான். அப்படி ஒரு மூச்சு! குழல் முனையிலிருந்து வெள்ளையாகப் புகை நெளிந்து வந்தது.

நேரக்காரன் ஓடிவந்தான். "லைல், இது செல்லுமா? சுடறவர்தானே ஊதணும்?"

சங்கத்தில் எவனாவது சாக்ஸ் தப்பாகப் போட்டிருந்தாலும் சட்டப் புத்தகத்தைத் திறக்கிற ஆள் லைல். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஊதணும்னு போட்டிருக்கு. யார் மூச்சுன்னு சட்டத்துல இல்ல" என்றான். "நீ கடிகாரத்தைப் பாரு."

ஏழாவது சாய்ந்தது. ஊதினான். எட்டாவது சாய்ந்தது. ஐந்து! ஊதினான். ஒன்பதாவதும் சாய்ந்தது. பத்தாவதுக்கு "ரெண்டு முள் இடது" என்றான், நான் குறிபார்வையை அப்படியே நகர்த்தினேன், வலது பக்கம் தூசி கிளம்பியது.

"இடதுன்னா இடது! இடது கை எதுன்னே உனக்குத் தெரியாதா?"

"காத்து நீ சொன்னதுக்கு மேல வலதுக்குத் தள்ளுச்சுடா குருடா! நீ ஊதறதோட நில்லு!"

ஹெய்டி பின்னால் நின்று சிரித்தாள்.

அப்புறம் கடையில் யாரோ அவனைக் கேட்டார்கள், ஏன் ஆர்லிக்கு நீ ஊதினாய், ஆர்லிக்கு என்ன உடம்புக்கு என்று. நான் கழிவறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை.

"உடம்புக்கு என்ன? சோம்பேறி" என்றான். "வேற ஒண்ணுமில்ல. பொறந்ததுலேர்ந்தே."

திரும்பக் கழிவறைக்குள்ளேயே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 2

வெர்னா ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டாள். போவேன். போட்டி முடிந்த பிறகு. முன்னால் போனால் ஏதாவது சொல்லி வைப்பார்கள்.

செப்டம்பர் 8

இன்று மத்தியானம் கொட்டகையில் குண்டு வார்த்துக்கொண்டிருந்தேன். பிக்கப் சத்தம். லைல் உள்ளே வந்து மேஜையில் ஒரு பொருளை வைத்தான். பித்தளையில் ஒரு வாய்முனை, பழைய டிரம்பெட்டிலிருந்து கழற்றியது. என் ஊதுகுழாய்க்குச் சரியாகப் பொருந்தும்படி அரத்தால் ராவியிருந்தான். 

"உன் புகையிலை எச்சில்ல இனி என்னால வாய் வைக்க முடியாது" என்றான். "இது எனக்கு. நீ தொடக்கூடாது."

செருகிப் பார்த்தேன். கச்சிதம். ஆடவே இல்லை.

"எத்தனை நாளா ராவினே?"

"கடையில கிடந்துச்சு."

"பொய் சொல்றே. கை விரல் எல்லாம் பித்தளைத் தூள்."

"சனிக்கிழமை போட்டிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று பேச்சை மாற்றினான்.

நன்றாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நாக்கு என் பேச்சைக் கேட்டால்தானே?

"மச்சான், உன் மூச்சு நல்ல ஈரம். அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா நீ காலையில வெங்காயமும் சாசேஜும் தின்னுட்டு வந்து ஊதினா, கிடா குண்டு படாமலே நாத்தத்துல சாஞ்சுடும். அதை அவங்க கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. அதனால சனிக்கிழமை நீ —"

அவன் வாசலைத் தாண்டிவிட்டான்.

"டேய், முழுசாக் கேளுடா! சனிக்கிழமை நீ வீட்டுல சாப்பிடாம —"

பிக்கப் கதவைச் சாத்தினான். பின்பக்கம் எடுத்தான், கையைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டி ஆட்டினான், போய்விட்டான்.

வீட்டில் சாப்பிடாமல் நேரே இங்கே வா, சேர்ந்து சாப்பிட்டுக் கிளம்பலாம் என்று சொல்ல வந்தேன். வெர்னா ஃபோனில் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.